மாப்பிள்ளையின் பேங்குக்கு நாங்கள் தலைவர் தேர்ந்தெடுத்த விவரம்

ஜவ்வாது மலை,
சந்தைக்கு மறுநாள், காலை.

மதிப்பும் பிரியமும் உள்ள சம்பந்தி கிருஷ்ணன் அவர்களுக்கு,

மலைமேலிருந்து மாதையன் கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும், என் சம்சாரம் செல்லியம்மாளும், உங்கள் மகன் ஜீவானந்தமும், என் மகள் அருணாவும், நம் இரண்டு வீட்டுக்கும் பொதுச்சொத்தான பேத்தி நிவேதாவும் சுகம். ஆடுகளும் சுகம். போளூரில் நீங்களும், சம்பந்தியம்மா சம்பூர்ணமும், அவருடைய முழங்கால்களும், உங்கள் உரக்கடையும் சுகமாக இருக்க எங்கள் காளியம்மனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் எங்கள் ஊர் டவரைப் பற்றி உங்களுக்கே தெரியும். நல்ல சேதியில் முதல் பாதியும் கெட்ட சேதியில் கடைசிப் பாதியும்தான் கீழே இறங்கும். அதனால் பொறுமையாக எழுதி, காலை பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் முக்கியமானது. ஜீவானந்தத்துக்கு வேலை போகவில்லை. கிளையை மூடவில்லை. அவரை வடக்கே தூக்கிப் போடவும் இல்லை. இந்த மூன்றையும் சம்பந்தியம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டி, அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகு மேலே படியுங்கள். புளி வாங்க மலைக்கு வந்துபோகிற துரைக்கண்ணு உங்கள் கடையில் உட்கார்ந்துகொண்டு, “உன் புள்ளைய சேர்லருந்து எழுப்பிட்டு ஒரு பொம்பளைக்கு மாலையப் போட்டு அதுல உக்கார வெச்சிட்டாங்கப்பா, எலெக்சன் நடத்துனதே உன் சம்பந்திதான்” என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். துரைக்கண்ணு சொன்னதில் பாதி பொய். உங்கள் மகனை யாரும் எழுப்பவில்லை, அவராகத்தான் எழுந்து நின்றார். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் மலையை விட்டு இறங்கிக் கடை போட்டு வெகுகாலம் ஆகிவிட்டதால் ஆதியிலிருந்தே சொல்கிறேன். நான் தலைவராக இருக்கிற சொசைட்டி உங்களுக்குத் தெரியும். கூட்டுறவு. விதை, உரம், நகைக்கடன், சேமிப்பு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. மழை பெய்தால் மழையும் அதே கூரைக்குக் கீழேதான். செயலாளர் அருள்மணி படவேட்டிலிருந்து பைக்கில் மேலே ஏறி வர வேண்டும். வானம் கறுத்தால் வரமாட்டார், முகூர்த்த நாள் என்றால் வரமாட்டார். வந்தாலும் டீ குடிக்கப் போயிருப்பார். ஆனால் ஒன்று, வந்து உட்கார்ந்துவிட்டால் யார் வீட்டுப் புளியமரம் இந்த வருஷம் காய்க்கும், யாருடையது ஏமாற்றும் என்று அவருக்குத் தெரியும். அதைப் பார்த்துத்தான் கடன் கொடுப்பார், புளி உலுக்கின பிறகுதான் திருப்பிக் கேட்பார். இப்படியே நாங்கள் சண்டையும் சமாதானமுமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தபோது, எங்களுக்கு நேர் எதிரில், சைக்கிள் கடை இருந்த இடத்தில், மாப்பிள்ளையின் பேங்க் கிளை திறந்தது. நாடு பூராவும் கிளை உள்ள பெரிய வணிக வங்கி. கண்ணாடிக் கதவு, டோக்கன் மிஷின், வாசலில் துப்பாக்கிக்காரர், உள்ளே ஏசி. மார்கழி மாசத்தில் எங்கள் மலையில் ஏசி! பணம் போட வந்தவர்கள் கம்பளி போர்த்திக்கொண்டு வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பல் கிடுகிடுக்க டோக்கனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

உங்கள் மகனே மேலாளராக வருகிறார் என்றதும் செல்லி பொங்கல் வைத்தாள். மகளும் பேத்தியும் நம் ஊரிலேயே, கூப்பிடு தூரத்தில். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள்தான் உறைத்தது, எதிர்க்கடைக்காரன் என் வூட்டு மாப்பிள்ளை என்று. காலையில் அவர் அந்தக் கண்ணாடிக் கதவைத் திறப்பார், நான் இந்தத் தகரக் கதவைத் திறப்பேன். இரண்டு பேரும் கும்பிடு போட்டுக்கொள்வோம். அதற்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் போட்டிதான்.

போட்டி என்றால் சாதாரணமில்லை சம்பந்தி. நாங்கள் டெபாசிட்டுக்கு அவர்களைவிடக் கொஞ்சம் கூட வட்டி என்று போர்டில் சாக்கட்டியால் எழுதினோம். அவர்கள் கணக்கு ஆரம்பித்தால் குடை இலவசம் என்றார்கள். மழைக்காலத்தில் பாருங்கள், எங்கள் சொசைட்டி வாசலில் உரத்துக்கு நின்ற வரிசை முழுக்க அவர்கள் பேங்க் பேர் போட்ட குடை! என் கூரைக்குக் கீழே, என் உறுப்பினர்கள், அவர் குடையில். எனக்கு வயிறு எரிந்தது. அப்புறம் போனிலேயே பேங்க் என்று ஒன்று கொடுத்தார்கள். வேலூரில் அது நன்றாக ஓடுமாம். இங்கே டவர் கிடைக்க மேட்டுப் பாறைமேல் ஏற வேண்டும். ஆடு விற்ற பணத்தை அங்கே போட்டிருந்த வீரன் பாறைமேல் ஏறினான், போன் பணம் இருக்கிறது என்றது. இறங்கி வந்தான், போனில் ஒன்றுமே தெரியவில்லை. பணம் போய்விட்டது என்று மறுபடி ஏறினான். அன்றைக்குப் பூராவும் அவன் ஏறி இறங்கினதில் பக்கத்து ஊர்க்காரர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்களாம். கடன் வாங்கினவர்கள் பாடு இன்னும் மோசம். சொசைட்டியில் தவணை தவறினால் அருள்மணி வீட்டுக்கு வந்து மோர் குடித்துவிட்டு, பத்து வார்த்தை திட்டிவிட்டுப் போவார். பேங்கில் அப்படியில்லை, மாசா மாசம் அதுவே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். யாரைப் போய்ச் சமாதானம் செய்வது? மிஷினுக்கு மோரா கொடுக்க முடியும்?

இந்த நிலைமையில்தான் ஒருநாள் அருணா கண் கலங்கிக்கொண்டு வந்தாள். மலைக்கிளையில் போதுமான வாடிக்கையாளர் கணக்கு சேரவில்லையாம். வருஷக் கடைசிக்குள் சேராவிட்டால் கிளையை மூடிவிட்டு, மாப்பிள்ளையை வடக்கே எங்கேயோ மாற்றிவிடுவார்களாம். ஊர் பேரைச் சொன்னாள், எனக்கு வாயில் வரவில்லை, ரயிலிலேயே ரெண்டு நாள் ஆகுமாம். நிவேதா அப்போதுதான் என்னை “தாத்தா” என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது. அங்கே போய் வளர்ந்தால் இந்தி பேசும். வருஷத்துக்கு ஒருதரம் வந்து இறங்கும்போது நான் ஒன்று கேட்க அது ஒன்று சொல்ல, இடையில் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். என் பேத்தியோடு நான் பேச ஒரு ஆள் வைக்கணுமா? சோறு இறங்கவில்லை சம்பந்தி. செல்லி சுற்றி வளைக்காமல் கேட்டாள். “இன்னாயா, உன் தலைவர் பதவி பெருசா, பேத்தி பெருசா? உன் ஜனங்கள அங்க அனுப்பேன். வாய் இருக்குதில்ல?” என்றாள்.

அவள் சொன்னால் நான் கேட்பேன். அதற்காகச் சொசைட்டியைக் கைவிடவும் மனசில்லை. ரொம்ப யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று, “சொசைட்டியும் பேங்கும் நமக்கு ரெண்டு கண்ணு. ஒரு கண்ண மூடிக்கினு நடக்க முடியுமா? அதனால வூட்டுக்கு வூடு ஆம்பளைங்க கணக்கு சொசைட்டியில இருக்கட்டும், பொம்பளைங்க கணக்கு பேங்குக்குப் போவட்டும்” என்று பேசினேன். எல்லாரும் கை தட்டினார்கள். நடுநிலை என்றால் மாதையன்தான் என்று பேர் வந்தது. மறுநாளிலிருந்து மாப்பிள்ளையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பொம்பளைகள் கூட்டம். சாமை இடிக்கிற குழு, தேன் குழு, புளிக் குழு என்று எல்லாக் குழுவும் வந்தது. டோக்கன் மிஷினில் பேப்பர் தீர்ந்துபோய் மாப்பிள்ளை காலண்டரைக் கிழித்து நம்பர் எழுதிக் கொடுத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் அருள்மணி தலையில் கை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “தலைவரே, இன்னா காரியம் பண்ணிட்டீங்க! நம்ம மலையில பணம் சேத்து வெக்கிறது யாரு? பொம்பளைங்க. கடன் வாங்கறது யாரு? ஆம்பளைங்க. போடறவங்கள எல்லாம் மொத்தமா அந்தப் பக்கம் அனுப்பிட்டு, வாங்கறவங்கள எல்லாம் நம்மாண்ட வெச்சிக்கினீங்களே!” என்றார். அவர் சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது. இவ்வளவு சுத்தமாக ஒரு சொசைட்டியை இரண்டாகப் பிளக்க எதிரியால்கூட முடியாது. அந்த வாரம் நான் சொசைட்டி இருந்த தெருவிலேயே போகவில்லை. மளிகைக்கடைக்குக்கூடப் பின்பக்கமாகச் சுற்றித்தான் போனேன்.

இப்படி அந்தப் பக்கம் நல்லது, இந்தப் பக்கம் கெட்டது என்று இருக்கும்போது, பேங்கின் மேலதிகாரி இளவரசி மேடம் நேரில் வருவதாகச் சேதி வந்தது. கிளை இருக்கட்டுமா மூடட்டுமா என்று அவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டுமாம். மாப்பிள்ளை ஒரு பேனர் கட்டினார். ‘வாடிக்கையாளர் சந்திப்புக் கூட்டம், அனைவரும் வருக.’ இங்கேதான் சம்பந்தி எல்லாம் கவிழ்ந்தது. பேங்குக்காரர்கள் கூட்டம் என்றால் டீ கொடுத்து, படம் போட்டு, புதுத் திட்டம் சொல்லி அனுப்புவார்களாம். எங்கள் ஜனங்களுக்கு அது தெரியுமா? பணம் போட்ட இடத்தில் கூட்டம் என்றால் அவர்கள் கண்டது ஒன்றே ஒன்றுதான், சொசைட்டியின் வருஷப் பேரவை. வரவு செலவு படிக்கணும், லாபத்தில் பங்கு சொல்லணும், தலைவரைத் தேர்ந்தெடுக்கணும், சாப்பாடு போடணும். பொம்பளைகள் எல்லாம் அவரவர் ஊரிலேயே பேசி முடிவு பண்ணி, இரண்டு வேட்பாளரும் நிறுத்திவிட்டார்கள். புளிக் குழு அம்மாக்கண்ணுவுக்குத் தேன்கூடு சின்னம். அவள் ஒரு மேட்டிலிருந்து பேசினால் அடுத்த மேட்டில் மாடு திரும்பிப் பார்க்கும். எதிரில் நம்ம பாறை வீரன், பலாப்பழம் சின்னம். அவன் பொம்பளை பேரில் கணக்கு இருப்பதால் அவனுக்கும் உரிமை உண்டாம். பிரசாரமே முடிந்துவிட்டது, எனக்குத் தெரியாது. நான்தான் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தேனே.

கூட்டத்தன்று வேனில், டிராக்டரில், நடையில் ஜனம் வந்து குவிந்தது. பேங்குக்குள் இடமில்லாமல் ரோட்டில் ஷாமியானா போட்டார்கள். மேடம் காரிலிருந்து இறங்கினார். முகம் வெளுத்து, கையில் எலுமிச்சம்பழம், யாரோடும் பேசவில்லை. மாப்பிள்ளை படம் போட்டு இங்கிலீசும் தமிழுமாக விளக்கினார். பாதியில் வீரன் எழுந்து, “அதெல்லாம் இருக்கட்டும் சார், வரவு செலவப் படிங்க” என்றான். மாப்பிள்ளை அடுத்த படத்தைப் போட்டார். அம்மாக்கண்ணு எழுந்து, “போன வருஷம் இன்னா லாபம்? அதுல எங்களுக்கு இன்னா பங்கு?” என்று கேட்டாள். லாபம் பங்குதாரர்களுக்குப் போகும், நீங்கள் வாடிக்கையாளர்கள் என்று மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். “அந்தப் பங்குதாரருங்க எந்த ஊரு? அவங்க ஏன் இன்னிக்கு வரல? பணத்தப் போட்ட நாங்க எல்லாரும் வெயில்ல வந்து உக்காந்து கீறோம், லாபம் வாங்கறவங்க ஒருத்தரக் கூட காணோமே?” என்று அவள் கேட்டாள் பாருங்கள், ரோட்டில் போன பஸ்காரர் பிரேக் போட்டு நின்றார். சொசைட்டியில் எவ்வளவு பணம் போட்டாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு, இங்கே எவ்வளவு பணம் போட்டாலும் நமக்கு ஓட்டே இல்லை. இது எனக்கும் அன்றைக்குத்தான் நெஞ்சில் ஏறியது. அருள்மணி என் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நாளைக்குப் பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருக்கலாம். “தேர்தல் நடத்துங்க, நேரமாவுது, சாப்பிட்டுப் போவணும்” என்று கூட்டத்தில் குரல் எழும்பியது. “தேர்தல் நடத்தின அனுபவம் தலைவருக்குத்தான் இருக்குது” என்று யாரோ என்னைக் கைகாட்டினார்கள். யாரோ மைக்கை என் கையில் கொடுத்தார்கள். மைக் கைக்கு வந்தால் எனக்கு நிதானம் போய்விடும் என்பதைக் கல்யாண மண்டபத்திலேயே நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். முதலில் ஜனங்களை அமைதிப்படுத்தத்தான் எழுந்தேன். சத்தியமாக. ஆனால், “தேர்தல் அலுவலர் என்ற முறையில்” என்று ஒரு வாக்கியம் தானாக வாயில் வந்துவிட்டது. அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. தேன்கூட்டுக்கு இருப்பவர்கள் கை தூக்குங்கள் என்றேன், ஷாமியானா தெரியவில்லை, கை மட்டும்தான் தெரிந்தது. பலாப்பழத்துக்குக் கை தூக்கச் சொன்னேன், வீரன் தூக்கினான், அவன் பொம்பளை தூக்கவில்லை. அம்மாக்கண்ணு வென்றதாக அறிவித்தேன். மேளம் கொட்டியது. மாலையைப் போட்டு, ஊர்வலமாகக் கண்ணாடிக் கதவுக்குள் அழைத்துப் போய், அதற்குள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டிருந்த மாப்பிள்ளை மரியாதையாக எழுந்து நிற்க, அவருடைய சுழலும் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அம்மாக்கண்ணு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு அங்கேயே தீர்மானம் போட்டாள். மேற்படி பேங்கில் தை பிறக்கும்வரை ஏசி போடக்கூடாது. கடன் தவணையை மாசா மாசம் பிடிக்காமல் புளி உலுக்கின பிறகு வாங்க வேண்டும். மேலாளர் ஜீவானந்தம் நல்ல பிள்ளை, அவரை மாற்றக்கூடாது.

இவ்வளவும் நடக்கும்போது மேடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டோம், வேண்டாம் என்று கையை ஆட்டினார். காரில் ஏறும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். போய்விட்டார். மாப்பிள்ளை வெறும் பேனருக்குக் கீழே நின்றார். “மாமா, ஏன் மாமா?” என்று மட்டும் கேட்டார். என் ஜென்மத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. அதைவிட நாலு அறை அறைந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு என் வீட்டில் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. அருணா என்னோடு பேசவில்லை. செல்லி எனக்குக் களியை மட்டும் வைத்தாள், குழம்பு வைக்கவில்லை. சந்தையில் என்னைக் கண்டவர்கள் எல்லாம் “எலெக்சன் பிரமாதம் தலைவரே” என்று கை கொடுத்தார்கள், ஒவ்வொரு கையும் எனக்குச் சுட்டது. அருணா துணிமணிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். நிவேதாவின் சின்ன ஸ்வெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, “அங்க குளிரு இதவிட ஜாஸ்தியாமே” என்று யாரிடமும் இல்லாமல் சொன்னாள். நான் எழுந்து ஆட்டுப்பட்டிக்குப் போய்விட்டேன். அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஆடுகள் மட்டும்தான் என்மேல் கோபமில்லாமல் இருந்தன.

நேற்று மாப்பிள்ளை அந்தப் பட்டிக்கே வந்தார். சட்டையெல்லாம் வேர்வை, ஓடிவந்திருக்கிறார். “மாமா, கிளைய மூடல” என்றார். எனக்குக் காதில் விழுந்தது, புத்தியில் விழவில்லை. “மூடல மாமா! நான் இங்கயேதான்!” என்று மறுபடி சொன்னார். அப்படியே ஆடு தண்ணீர் குடிக்கிற தொட்டிமேல் உட்கார்ந்து அழுதுவிட்டேன் சம்பந்தி, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்தார். விஷயம் என்னவென்றால், மேடத்துக்குக் கோபமே இல்லையாம். மலை ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் புரட்டி, வழியெல்லாம் வாந்தி. அதே வளைவுகளில் மறுபடி இறங்க வேண்டுமே என்ற பயத்தில்தான் அப்படி உட்கார்ந்திருந்தாராம். காரில் ஏறும்போது என்னைப் பார்த்தது, வேறு வழி இருக்கிறதா என்று கேட்கலாமா என்பதற்காகவாம். மற்றக் கிளைகளில் வாடிக்கையாளர் கூட்டம் போட்டால் டீ குடிக்க நாலு பேர் வருவார்களாம், அதில் ரெண்டு பேர் பேங்க் ஆட்களாம். ஊரே திரண்டு வந்து, பேங்க் எங்களுடையது என்று சண்டை போட்டதை அவர் எங்கேயும் பார்த்ததில்லையாம். இப்படிப்பட்ட இடத்தில் கிளையை மூடுவது மடத்தனம் என்று மேலே எழுதிவிட்டாராம்.

ஏசிக்கு அனுமதி தேவையில்லை, அணைத்துவிட்டார்கள். விவசாயக் கடனுக்குத் தவணையை அறுவடைக்குப் பிறகு வைத்துக்கொள்ள அவர்களிடம் ஏற்கெனவே ஒரு வழி இருந்திருக்கிறது, யாரும் கேட்காததால் யாரும் சொல்லவில்லை. அம்மாக்கண்ணுவைத் தலைவராக ஏற்க முடியாதாம், ஆனால் வாடிக்கையாளர் குழுவுக்குப் பொறுப்பாக வைத்துக்கொள்வார்களாம். அம்மாக்கண்ணு அதைத் தலைவர் என்றுதான் எடுத்துக்கொண்டிருக்கிறாள். நானும் திருத்தவில்லை.

எங்கள் சொசைட்டியும் பிழைத்துக்கொண்டது, கேளுங்கள். கூட்டம் முடிந்த கையோடு பொம்பளைகளுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஓட்டு இருக்கிற இடத்திலும் கொஞ்சம் பணம் இருக்கட்டும் என்று பாதியைத் திருப்பிக் கொண்டுவந்து எங்களிடம் போட்டார்கள். போட்டுவிட்டுச் சும்மா போகவில்லை. “அங்க டோக்கன் குடுக்கறான், உக்காரச் சொல்றான். இங்க ஓட்டு இருக்குதுன்ற ஒரே காரணத்துக்கு நாங்க நின்னுக்கினே இருக்கணுமா?” என்று அம்மாக்கண்ணு அருள்மணியைப் பிடித்து உலுக்கிவிட்டாள். இப்போது அருள்மணி மேகத்தைப் பார்த்து லீவு போடுவதில்லை. பெஞ்சு வாங்கிப் போட்டிருக்கிறார். கூரைக்குத் தகரம் வந்து இறங்கியிருக்கிறது. நான் தலைவராக இருந்து எத்தனையோ மனு போட்டு நடக்காதது, எதிரில் ஒரு கண்ணாடிக் கதவு வந்ததும் நடந்துவிட்டது. அந்தக் கண்ணாடிக் கதவுக்காரர்களுக்கும் ஜனங்களோடு பேசக் கற்றுக்கொடுக்க எதிரில் ஒரு தகரக் கதவு வேண்டியிருந்தது. இதை நான் அடுத்த பேரவையில் பேசுவதாக இருக்கிறேன். மைக் கொடுத்தால்.

நேற்று செல்லி கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அருணா அடுக்கின துணியையெல்லாம் பிரித்துப் போட்டாள். நிவேதா என் முதுகில் ஏறி ஊரைச் சுற்றிவந்தது. நெஞ்சிலிருந்து ஒரு உரமூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது. உங்கள் மகனுக்கு என்னால் நேர்ந்த சங்கடத்துக்கு நீங்களும் சம்பந்தியம்மாவும் பெரிய மனசு பண்ணி மன்னிக்க வேண்டும். காளியம்மன் சாட்சியாக எழுதித் தருகிறேன், இனிமேல் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நடக்கிற எதிலும் மாதையன் தலையிட மாட்டான். மாப்பிள்ளைக்கு மேன்மேலும் உயர்வு வரட்டும். எங்கே வந்தாலும் முதலில் சந்தோஷப்படுகிறவன் நானாகத்தான் இருப்பேன். சம்பந்தியம்மாவின் முழங்காலுக்குத் தடவ ஒரு பாட்டில் தைலமும், வீட்டுக்குச் சாமை அரிசியும் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். பாட்டிலைக் கேட்டு வாங்குங்கள், மறந்துவிடுவார். பெரியவர்களுக்கு என் கும்பிடு, சின்னவர்களுக்கு என் ஆசி, உங்கள் கடைக்கு நல்ல மழை.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி,
மாதையன்,
தலைவர் (சொசைட்டிக்கு மட்டும்).

பி.கு: காலை பஸ்ஸுக்குக் கொடுக்க முடியவில்லை, மத்தியான பஸ்ஸில்தான் இது வருகிறது. காரணம், பஸ் நிற்கும் இடத்திலேயே மாப்பிள்ளை என்னைப் பிடித்துக்கொண்டார். மலைக்கிளையில் இவ்வளவு பெயர் வாங்கினதற்காக அவருக்குப் பதவி உயர்வாம். இன்றைக்கே உத்தரவு வந்துவிட்டது. போளூர்க் கிளைக்கு. உங்கள் கடைக்கு அடுத்த தெரு. நீங்களும் சம்பந்தியம்மாவும் இதற்குத்தான் இத்தனை நாளாக வேண்டிக்கொண்டிருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். வாழ்த்துகள். சேதி தெரிந்ததும் அம்மாக்கண்ணு அவசரப் பேரவையைக் கூட்டி, தலைவரான தன் கையெழுத்து இல்லாமல் மேலாளரை மாற்றுவது செல்லாது என்று தீர்மானம் கொண்டுவந்துவிட்டாள். ஜனமெல்லாம் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது. இளவரசி மேடமே பேங்க் போனில் கூப்பிட்டு, “மாதையன் சார், நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க, எடுத்துச் சொல்லி எழுந்திருக்கச் சொல்லுங்க” என்று கேட்டுக்கொண்டார். போனேன் சம்பந்தி. எடுத்துச் சொல்லத்தான் போனேன். முன்வரிசையில் அம்மாக்கண்ணு மடியில் நிவேதா உட்கார்ந்திருந்தது. தீர்மானத்துக்கு ஆதரவாக இருப்பவர்கள் கை தூக்கலாம் என்று அம்மாக்கண்ணு சொன்னதும் அது கையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தது. போளூர் கிட்டத்தான், பஸ் இருக்கிறது, எல்லாம் எனக்குத் தெரியும். நானும் தூக்கிவிட்டேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.